இளநீருக்குப் பயந்த வேட்டைக்காரி

கரமனையில் எங்கள் தெருவில் எனக்கு ஒரு பெயர் உண்டு: நாயைப் பட்டினி போடுகிற தமிழன். நேரடியாக யாரும் சொன்னதில்லை. திருவனந்தபுரத்துக்காரர்கள் குற்றச்சாட்டைக்கூடச் சிரித்த முகத்தோடு கேள்வியாகத்தான் வைப்பார்கள். "இதினு ஒந்நும் கொடுக்காறில்லே சாரே?" என்று பால் கொண்டுவருபவர் கேட்பார். அதையே கேஸ் சிலிண்டர் போடுகிறவரும் கேட்பார். மீன் கூடையோடு வரும் சேச்சி கேட்கவே மாட்டார். கூடையை இறக்கி ஒரு மத்தியை எடுத்துப் போட்டுவிட்டு, என்னை மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டுப் போவார். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் நாயின் விலா எலும்புகளை எண்ணிக் காட்டிவிடுவார்கள். அந்த நேரத்தில் நாய்க்கும் எங்கிருந்தோ ஒரு நடிப்பு வந்துவிடும். காதை மடக்கி, வாலைக் கால்களுக்கிடையில் செருகி, உலகத்துச் சோகத்தை எல்லாம் கண்ணில் தேக்கிக்கொண்டு நிற்கும். சற்று முன்னால்தான் கால் கிலோ கோழியும் சோறும் தின்று முடித்தது என்பதற்கு முகத்தில் ஒரு தடயமும் இருக்காது.

அதன் பெயர் செவலை. நிறத்தைப் பார்த்து வைத்த பெயர். சிப்பிப்பாறை இனம். சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி பக்கத்துக் கரிசல்காட்டில் முயல் விரட்டுவதற்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து வளர்த்த நாய். மூக்கைவிடக் கண்ணை நம்பி வேட்டையாடும் வகை. இந்த வகைக்கு உலகம் முழுக்க உறவு உண்டு. இங்கிலாந்தில் கிரேஹவுண்ட், அரபு நாடுகளில் சலூக்கி, ஸ்பெயினில் கால்கோ, பக்கத்துக் கர்நாடகத்தில் முதோல். எல்லாவற்றுக்கும் உடம்பு ஒரே கணக்குதான்: ஆழமான மார்பு, உள்ளே பெரிய இதயம், ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள், தோலுக்கடியில் கொழுப்பு என்று சொல்லிக்கொள்ள ஏதுமில்லை. இந்த இனத்தில் விலா எலும்பு இரண்டு மூன்று தெரிந்தால்தான் ஆரோக்கியம். இதை மலையாளத்தில் விளக்கும் அளவுக்கு என் மலையாளம் வளர்ந்துவிட்டது. கேட்பவர்களின் முகத்தில் நம்பிக்கைதான் வளரவில்லை.

நீளமான தலையின் இரு பக்கமும் கண் அமைந்திருப்பதால் இந்த நாய்கள் கழுத்தைத் திருப்பாமலே ஏறக்குறைய 270 டிகிரி பார்க்கும் என்கிறார்கள். நமக்கு 180தான். மிச்சமுள்ள அந்த 90 டிகிரியில்தான் எங்கள் வீட்டுப் பிரச்சினைகள் அத்தனையும் ஆரம்பமாகின்றன. எனக்குத் தெரியாத ஒரு பூனை, எனக்குத் தெரியாத ஒரு கீரி, காற்றில் பறக்கும் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பை. ஓட ஆரம்பித்துவிட்டால் ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டு முறை அதன் நான்கு கால்களும் தரையை விட்டு எழும்பிவிடும். அதாவது அந்த நேரத்தில் அது கொஞ்சம் நாய், மிச்சம் விமானம். கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பவருக்கு முதல் பாதி வரைக்கும்தான் இதில் பங்கு. பிறகு அவரும் பறப்பார். தரையிறங்கும் முறைதான் வேறு.

இந்தக் கரிசல்காட்டு நாய் கரமனைக்கு எப்படி வந்தது? கழக்கூட்டத்திலிருந்து கோவளம் போகும் பைபாஸ் சாலையில், கழுத்தில் அறுந்த கயிற்றுத் துண்டோடு ஓடிக்கொண்டிருந்தது. யார் வாங்கினார்கள், எதற்காகக் கைவிட்டார்கள், செங்கோட்டை வழியாக வந்ததா, நாகர்கோவில் வழியாக வந்ததா, எதுவும் தெரியாது. பார்த்தவர்களுக்கு முதலில் அது நாய் என்பதே உறுதிப்படவில்லை. "இதெந்தா, மானாணோ?" என்று வண்டியை நிறுத்திப் படம் எடுத்தார்கள். தெருவில் அடிபட்ட பிராணிகளைக் காப்பாற்றுகிற ஒரு பெண் அந்தப் படத்தைப் பார்த்து இனத்தைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததும் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். எங்கள் அலுவலகத்தில் என்னோடு வேலை பார்ப்பவரின் உறவுக்காரப் பெண் அவர். காரணம் சுருக்கமாகச் சொன்னார்: நாய் தமிழ், சாரும் தமிழ்.

எனக்குத் தூதரகப் பொறுப்பு எதுவும் தரப்பட்டிருக்கவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. போனேன்.

அங்கே ஏற்கெனவே ஒரு கூட்டம் கூடியிருந்தது. ஓடுகிற நாயைப் பிடிப்பது பற்றிக் கருத்து இல்லாத மனிதன் கேரளத்தில் இன்னும் பிறக்கவில்லை. ஆட்டோ ஓட்டுநர் வலை வேண்டும் என்றார். உடனே ஒரு மீனவ இளைஞர், வலை இருக்கிறது, ஆனால் அது அயலைக்கானது என்றார். நாலு பக்கமும் வளைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் திட்டம் போட்டார், வளைத்தோம். வளையத்தின் நடுவில் நாய் உட்கார்ந்து எங்களைச் சுற்றிப் பார்த்தது. பிறகு எங்களில் மிகவும் குண்டானவர் யார் என்று தீர்மானித்து, அவரைத் தாண்டி ஒரே தாவலில் வெளியே போய், எதிர்ப்பக்கம் நின்று திரும்பிப் பார்த்தது. மறுபடியும் வாருங்கள் என்று அழைப்பதாகத்தான் எனக்குப் பட்டது. எங்களுக்கு அது மீட்புப் பணி. அதற்கு அது சாயங்கால விளையாட்டு.

கடைசியில் என்னைத் தமிழில் கூப்பிடச் சொன்னார்கள். கூட்டம் அமைதியானது. நான் என் கோவில்பட்டித் தமிழை எல்லாம் திரட்டி, "ஏ... வா... வா புள்ள... இந்தா" என்றேன். தாய்மொழியைக் கேட்டதும் ஓடிவந்து காலடியில் விழும் என்று ஒரு கணம் நானே நம்பிவிட்டேன். நாய் கொட்டாவி விட்டது.

அதைப் பிடித்தது சாலையோரத் தட்டுக்கடைச் சேச்சி. அவர் கூட்டத்தில் சேரவில்லை, கருத்தும் சொல்லவில்லை. கடை வாசலில் முக்காலியைப் போட்டு, ஒரு தட்டில் பொரித்த மத்தியை வைத்துக்கொண்டு, வேறு பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கால் மணி நேரத்தில் நாய் தானாக வந்து அவர் மடியில் தலையை வைத்தது. இன உணர்வு பெரியதுதான். மத்தி அதைவிடப் பெரியது என்று அன்றைக்கு விளங்கிற்று. நாலு நாள் வைத்துக்கொள்ளுங்கள், நல்ல இடம் பார்த்துத் தருகிறேன் என்று அந்தப் பெண் சொன்னார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அன்று இரவே குடும்ப வாட்சப் குழுவில் படத்தைப் போட்டேன். எந்தக் கல்யாணத்துக்கும், எந்தப் பரீட்சை முடிவுக்கும் அப்படி ஒரு வரவேற்பு கிடைத்ததில்லை. வருடக்கணக்கில் பேசாமலிருந்த மச்சினர் "நம்ம மண்ணோட கம்பீரம்" என்று எழுதினார். வரலாறு கொட்ட ஆரம்பித்தது. 2005இல் அஞ்சல் துறை இந்திய நாயினங்களுக்கு நான்கு தபால்தலைகள் வெளியிட்டது, அதில் நம்ம ராஜபாளையம் உண்டு என்றார் ஒருவர். 2020 ஆகஸ்டில் பிரதமரே மனதின் குரல் உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பேர் சொல்லி, இந்திய நாய்களை வளர்க்கச் சொன்னார் என்றார் இன்னொருவர். கன்னி நாயைப் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்தனுப்பும் வழக்கம் எங்கள் பக்கம் இருந்தது என்று அத்தை ஒருத்தி நினைவூட்டினாள். சீராக வந்த நாயை மாமியார் வீட்டில் யார் ஓடவிட்டார்கள் என்று கேட்டேன். அந்தத் தகவல் வரலாற்றில் இல்லை.

படித்த ஒரு சித்தப்பா, சு. தியடோர் பாஸ்கரன் 2017இல் இந்திய நாயினங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலை வாங்கச் சொன்னார். நல்ல நூல், வாங்கினேன். அதை எழுதியவர் தமிழ்நாட்டு அஞ்சல் துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்து ஓய்வுபெற்றவர் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. தபால்காரர்களுக்கும் நாய்களுக்கும் இடையே நூற்றாண்டுகளாக நடக்கும் யுத்தத்தில், தபால்காரர் தரப்பின் தலைவரே முன்வந்து எழுதிய சமாதான ஒப்பந்தம் அல்லவா அது? செவலை அந்தப் புத்தகத்தின் ஒரு மூலையைத் தின்று, தன் தரப்புக் கையெழுத்தைப் போட்டுவிட்டது.

ஒரு வாரம் போனதும் குழுவில் கேட்டேன்: காலையில் ஐந்து மணிக்கு எழுந்து இதை ஓட்டிக்கொண்டு போக யாராவது கொஞ்ச நாள் இங்கே வந்து தங்குவீர்களா? மண்ணின் கம்பீரம் பற்றிப் பேசிய நாற்பது பேரும் ஒரே நேரத்தில் தூங்கப் போய்விட்டார்கள். கோவில்பட்டிச் சித்தப்பா மட்டும் மறுநாள் கூப்பிட்டார். "ஏலே, அதைக் கட்டிப் போட்டா அது நாயில்லடா, கோவம். காட்டுல அவுத்து விடு, மொசலு வெரட்டட்டும், சரியாயிரும்."

அங்கேதான் சிக்கல். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முயல் வேட்டை குற்றம். நியாயமான சட்டம், காட்டில் முயலும் மிஞ்ச வேண்டும் அல்லவா? ஆனால் அந்தச் சட்டத்தை நாய்களுக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை. பல நூறு வருடம் ஒரே ஒரு வேலைக்காக ஓர் உடம்பைச் செதுக்கிவிட்டு, ஒரு நாள் அந்த வேலையே கிடையாது என்று சொல்லிவிட்டோம். வேலையைத்தான் நிறுத்தினோம், உற்பத்தியை நிறுத்தவில்லை. விளைவாக, கரமனையில் இரண்டு படுக்கையறை வீட்டில், முழுத் தகுதியும் தீராத உற்சாகமும் கொண்ட ஒரு நிபுணர் வேலையில்லாமல் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இந்த நகரத்துக்குள் தவறாமல் நடக்கிற வேட்டை ஒன்று உண்டு. பத்மநாபசுவாமி கோயிலில் ஐப்பசியிலும் பங்குனியிலும் நடக்கும் திருவிழாக்களில் பள்ளிவேட்டை என்று ஒரு நாள். சுவாமி வேட்டைக்கு எழுந்தருள்வார். திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் தலைவர் வில்லை வளைத்து அம்பு விடுவார். குறி, ஓர் இளநீர். தீமையின் உருவம் அது என்பது ஐதீகம். மறுநாள் ஆறாட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். வழியில் விமான நிலையத்தின் ஓடுபாதையைக் கடக்க வேண்டும் என்பதால் சில மணி நேரம் விமானங்கள் நிறுத்தப்படும். வேட்டை முடித்து நீராடப் போகிறவருக்காக விமானமே காத்திருக்கும் ஊர் இது. வேட்டைக்கு இவ்வளவு மரியாதை இருக்கிற ஊரில் ஒரு வேட்டை நாய்க்கு நல்ல எதிர்காலம் இருக்கும் என்று நான் எண்ணியதில் தவறில்லை.

ஆனால் சுவாமிக்கு இலக்கான அதே பொருள்தான் எங்கள் வேட்டைக்காரிக்கு எமன். வீட்டுக்குப் பின்னால் இரண்டு தென்னை மரங்கள். ஒரு நாள் மத்தியானம் அதிலிருந்து ஒரு காய் தொப்பென்று விழுந்தது. கொல்லையில் கீரியைப் பார்த்து உறுமிக்கொண்டிருந்த செவலை, கீரியை முந்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடி, என் மாமியாரின் கட்டிலுக்கடியில் புகுந்தது. பிறகு மரம் ஏறுகிறவர் இளநீர் வெட்ட வந்தால் போதும், கயிறு தோளில் தெரிந்த உடனே கட்டிலுக்கடிதான். கரிசல்காட்டில் வானத்திலிருந்து இவ்வளவு பெரிய பொருள் விழுவதில்லை. மழையே விழுவதில்லை.

மழை என்று சொன்னதும் ஞாபகம் வருகிறது. கோவில்பட்டிப் பக்கம் வருடம் முழுக்கப் பெய்வதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் திருவனந்தபுரத்தில் பெய்யும். ஜூன் தொடக்கத்தில் இடவப்பாதி, அது முடிந்தால் இடிமின்னலோடு துலாவர்ஷம். கேரளத்தின் சுற்றுலா விளம்பரங்கள் அத்தனையும் கொண்டாடும் இந்த மழையைச் செவலை தனக்கு எதிரான தனிப்பட்ட நடவடிக்கையாக எடுத்துக்கொண்டது. உடம்பில் கொழுப்பு இல்லை, ரோமம் மெல்லியது, சட்டென்று குளிர் ஏறிவிடும். நான் குடையோடு வாசலில் நின்று கெஞ்சுவேன். அது படியில் நின்று ஒரு முன்னங்காலை நீட்டி, நனைந்ததும் உதறி, என் முகத்தைப் பார்க்கும்: இதை நிறுத்தச் சொல்லுங்கள். ராத்திரி தொடங்கி மறுநாள் மதியம் வரை சிறுநீரை அடக்கிக்கொண்டு சத்தியாக்கிரகம் செய்திருக்கிறது. கடைசியில் என் மனைவி, கடற்கரைக் குடை ஒன்றைக் கொல்லையில் ஊன்றி நாய்க்குத் தனிக் கழிப்பிடம் அமைத்தாள். அதன் கீழே நின்று அது காரியத்தை முடிக்கும் வரை நான் வெளியே நனைந்துகொண்டு நிற்பேன். குடை அதற்குத்தான் சரியாக இருக்கும்.

எங்கள் வீட்டில் மனிதர்கள் சைவம். சமையலறைக்குள் முட்டை நுழைந்தால் மாமியார் இருமுவார். ஆகவே நாய்க்கான கோழியைக் கொல்லையில் தனி அடுப்பில் நான்தான் வேகவைக்கிறேன். வாசனை மதிலைத் தாண்டிப் போகுமல்லவா? அக்கம்பக்கத்தில் இப்போது இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. ஒன்று, சைவப்பிள்ளை வீட்டு மாப்பிள்ளை மாமியாருக்குத் தெரியாமல் கொல்லையில் கோழி தின்கிறார். இரண்டு, அதில் ஒரு துண்டுகூட நாய்க்குப் போடாமல் தானே தின்கிறார். முதல் குற்றச்சாட்டைக்கூடத் தாங்கிவிடலாம்.

கம்மங்கஞ்சி ஊற்றினாலே போதும், எங்கள் காலத்தில் அதைக் குடித்துத்தான் மொசல் பிடித்தன என்று சித்தப்பா சொன்னார். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கம்பு கிடைக்கும். அங்கே கிடைக்காத தமிழ்நாட்டுப் பொருள் எது? வாங்கி வந்து பக்குவமாகக் காய்ச்சி வைத்தேன். செவலை முகர்ந்து பார்த்துவிட்டு மீன் சேச்சி வரும் திசையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. மரபணுவில் கரிசல் இருக்கலாம். நாக்கு பைபாஸ் சாலையிலேயே குடியுரிமை மாறிவிட்டது. "மோளே" என்று சேச்சி கூப்பிட்டால் நாலு வீட்டுக்கு அப்பால் இருந்து வரும். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அவர் கூப்பிட்டாரா என்று பார்க்கும்.

ஓய்வு நேரத்தில் அது செய்யும் வேலை தூக்கம். பலர் நினைப்பதுபோல இந்த வகை நாய்கள் நாள் முழுக்கத் துள்ளுவதில்லை. சில நிமிடம் உயிரைக் கொடுத்து ஓடும், மிச்ச நேரம் சோபாவில் மடக்கு நாற்காலி போல மடங்கிக் கிடக்கும். அந்தச் சில நிமிடத்தைக் கொடுத்தால் வீடு பிழைக்கும். கொடுக்காவிட்டால் அது தானே எடுத்துக்கொள்ளும். மதிலின் உயரம் ஆறடி. அது ஒரு தடையாக எங்களுக்குத்தான் தோன்றியது. ஓணத்துக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் விடியற்காலையிலிருந்து குனிந்து குனிந்து போட்ட அத்தப்பூக்களத்தின் மேல் ஒரு வண்ணத்துப்பூச்சி வந்து உட்கார்ந்தது. அதற்குமேல் நான் விவரிக்க வேண்டியதில்லை. வண்ணத்துப்பூச்சி தப்பித்துவிட்டது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

எனவே அந்தச் சில நிமிட ஓட்டத்துக்காக இடம் தேடி அலைந்தோம். கவடியாரில் அகலமான நடைபாதை உண்டு என்று அங்கே போனோம். தமிழ் எழுத்தாளர் நகுலன் வாழ்ந்தது அந்தப் பகுதியின் கோல்ஃப் லிங்க்ஸ் சாலையில்தான். "நாய்கள்" என்ற பெயரில் ஒரு நாவலே எழுதியவர். அவர் வீட்டில் சிப்பிப்பாறை இருந்திருந்தால் தலைப்போடு நின்றிருக்கும். கவடியாரில் காலையில் நடக்கிறவர்கள் ஓய்வுபெற்ற உயர் அதிகாரிகள்; ஒவ்வொருவரும் நிறுத்தி, நாயின் விலாவைப் பார்த்து, எனக்கு அறிவுரை சொன்னார்கள். நாய் ஓடவில்லை, நான் விளக்கம் கொடுத்துக்கொண்டு நின்றதுதான் மிச்சம்.

வெள்ளாயணி ஏரிப் பக்கம் புஞ்சக்கரி வயல்வெளிக்குப் போகச் சொன்னார்கள். அழகான இடம். விடியும்போது நீலத்தாழைக்கோழிகளும் கொக்குகளும் நாரைகளும் நிறைந்திருக்கும். அவற்றைப் படமெடுக்கப் பீரங்கி நீளத்துக்கு லென்ஸ் வைத்துக்கொண்டு ஒரு வரிசை மனிதர்கள் மூச்சுவிடாமல் நின்றிருப்பார்கள். செவலையைக் கயிற்றில்தான் பிடித்திருந்தேன். அவிழ்க்கும் எண்ணமும் இல்லை. ஆனால் 270 டிகிரி முழுக்கப் பறவைகள் நிற்பதை அது பார்த்துவிட்டது. அடுத்த கணம் நான் வரப்பில் இல்லை, வயலில் இருந்தேன். எல்லாப் பறவைகளும் ஒரே நேரத்தில் எழும்பின. லென்ஸ்கள் மெதுவாக என் பக்கம் திரும்பின. இரண்டு மணி நேரமாக ஒரு மீன்கொத்திக்காகக் காத்திருந்த ஒருவர் என்னைப் படமெடுத்தார். சேற்றிலிருந்து எழும் அரிய வகை என்று நினைத்திருப்பார்.

வழி கண்டுபிடித்தது எதிர்வீட்டுச் சேட்டன், ஓய்வுபெற்ற மெக்கானிக். நாயை ஓட வைக்க முயல் எதற்கு, அசைகிற ஏதாவது போதுமே என்றார். அவருக்குத் தெரியாமலே ஒரு பழைய கண்டுபிடிப்பை மறுபடி கண்டுபிடித்துவிட்டார். நாய் ஓட்டத்தில் உயிருள்ள முயலுக்குப் பதிலாக எந்திர முயலை ஓடவிடும் முறையை அமெரிக்காவில் ஓவன் பாட்ரிக் ஸ்மித் என்பவர் உருவாக்கினார். 1919இல் கலிபோர்னியாவின் எமெரிவில்லில் அதற்கான ஓடுபாதை திறந்தது. 1926இல் மான்செஸ்டரின் பெல்வியூ அரங்குக்கு அது வந்து சேர, இங்கிலாந்தே சூதாடக் கிளம்பியது. எங்கள் சேட்டனின் எந்திரத்தில் இருந்தது ஒரு பழைய சைக்கிள் சக்கரம், கையால் சுற்றும் பெடல், நீளமாகத் தூண்டில் நரம்பு, நுனியில் ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் பை. மொத்தச் செலவில் பெரும்பகுதி அவருக்கு வாங்கிக் கொடுத்த டீ.

அதை ஓட்ட மைதானம் வேண்டும், மைதானத்துக்கு எங்கள் பகுதி ஆர்ட்ஸ் அண்ட் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் அனுமதி வேண்டும். கேரளத்தில் ஒரு நாய் பிளாஸ்டிக் பையைத் துரத்த வேண்டுமென்றாலும் கமிட்டி கூட வேண்டும். கூடினார்கள். இது பிராணிக் கொடுமையா என்று ஒருவர் கேட்டார். யார் கொடுமைப்படுகிறார்கள் என்பதைப் பொறுத்தது என்று என் முழங்காலைக் காட்டினேன். பொதுமக்கள் பாதுகாப்பு பற்றி இன்னொருவர் கேட்டது நியாயமான கேள்வி. தெருநாய்க் கடியும் வெறிநோய்ச் சாவும் செய்தியாகும் மாநிலத்தில் நாய் விஷயம் வேடிக்கையல்ல. ரேபிஸ் தடுப்பூசிச் சான்றையும் உள்ளாட்சி உரிமச் சீட்டையும் மேஜையில் வைத்தேன். இனம் என்ற கட்டத்தில் "கிரேஹவுண்ட் கலப்பு" என்று இருந்ததைக் குடும்ப வாட்சப் குழுவுக்குக் காட்டாமல் இதுவரை காப்பாற்றி வருகிறேன். சுற்றுமதிலின் கதவைச் சாத்திக்கொண்டு, ஆறரை மணிக்குக் கால்பந்துப் பையன்கள் வரும்வரை என்று தீர்மானம் நிறைவேறியது. ஒருமனதாக அல்ல, பெரும்பான்மையில்.

முதல் நாள் பார்க்கத் தெருவே வந்தது. வேலை செய்யாமல் பார்த்து நிற்பதற்கே கேட்கும் நோக்குக்கூலியை 2018இல் அரசு தடை செய்துவிட்டதால் எல்லோரும் இலவசமாகவே வேடிக்கை பார்த்தார்கள். சேட்டன் பெடலைச் சுற்றினார். பை எழும்பியது. செவலை ஒரு கணம் நின்று பார்த்தது. பிறகு நாங்கள் பார்க்க முடியவில்லை. மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்து இந்தக் கோடிக்கு ஒரு செம்மண் நிறக் கோடு வந்தது, அவ்வளவுதான். "எந்தொரு ஓட்டமா!" என்று யாரோ கத்தினார்கள். என் மேல் வழக்கு வைத்திருந்த பால்காரர் முதல்முறையாக என் தோளைத் தட்டினார். சாப்பாடு போடாமல் இப்படி ஓட முடியாது என்ற முடிவுக்கு அவர் வந்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன். "பாவம், பட்டினியோடயே இப்படி ஓடுதே" என்று அவர் மலையாளத்தில் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது பிறகுதான் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் மதில் தாண்டல் நின்றது. நாற்காலிக் கால்கள் பிழைத்தன. சில நிமிட ஓட்டம், நாள் முழுக்கத் தூக்கம். இவ்வளவுதான் தேவை. ஆனால் இந்த "இவ்வளவுதான்" தினமும் வேண்டும். மழையிலும், தலைவலியிலும், கல்யாண வீட்டுக்குப் போய் ராத்திரி இரண்டு மணிக்குத் திரும்பிய மறுநாள் காலையிலும் வேண்டும். நாட்டு நாய்கள் தெருவுக்கு வருவது இந்த இடத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஸ்பெயினில் வேட்டைப் பருவம் முடியும் குளிர்கால இறுதியில் கால்கோ நாய்களைக் கைவிடும் வழக்கத்தை எதிர்த்து அங்கே வருடா வருடம் ஊர்வலம் போகிறார்கள். அங்கே வேட்டை முடிந்ததும் கைவிடுகிறார்கள். இங்கே பெருமை முடிந்ததும். 2017இன் ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு இனம் என்ற சொல்லுக்கே ஒரு மீசை முளைத்துவிட்டது. நல்லதுதான், அழிய இருந்த இனங்களின் பக்கம் கண் திரும்பியது. ஆனால் இனப்பெருமைக்குக் கால் கிடையாது. நாய்க்கு நான்கு. முதல் வாரம் குட்டியோடு நின்று படம் எடுப்பது பெருமை. மிச்ச பத்துப் பன்னிரண்டு வருடம் அதன் பின்னால் ஓடுவது நாம்.

குட்டி கேட்டு இன்னமும் உறவுக்காரர்கள் கூப்பிடுகிறார்கள். செவலைக்குக் கருத்தடை செய்தாகிவிட்டது. கொழுப்பில்லாத இந்த வகை நாய்களுக்குச் சில மயக்க மருந்துகள் லேசில் தெளியாது என்பதால் மருத்துவர் மருந்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். அந்தத் தகவலைக் கேட்டதும் வம்சம் அழிந்துவிட்டதாக மச்சினர் இரங்கல் தெரிவித்தார். யாருக்காவது உண்மையிலேயே வேண்டுமென்றால், கைவிடப்பட்ட நாயாகப் பார்த்துத் தருகிறேன், அதற்கு முன் இங்கே வந்து சில நாள் காலைவேலையைச் செய்து பாருங்கள் என்பது என் நிபந்தனை.

சென்னையிலிருந்து அக்கா மகன் ஒருவன்தான் நிபந்தனையை ஏற்று வந்தான். வீரன். சட்டை முதுகில் காளைப் படம் போட்டிருந்தான். முதல் நாள் பெடலைச் சுற்றினான். இரண்டாம் நாள் கயிற்றைப் பிடித்தான். மூன்றாம் நாள், மின்சார ரயிலில்கூட அவன் அவ்வளவு வேகமாகப் போனதில்லை என்று முழங்கையில் மருந்து போட்டுக்கொண்டே சொன்னான். ஊருக்குத் திரும்பிய பிறகு கூப்பிட்டான். மீன் தொட்டி வைக்கலாம் என்று முடிவு செய்திருப்பதாகச் சொன்னான். கொஞ்சம் தயங்கி, "மாமா, மீன்லயும் நாட்டு இனம் இருக்குமா?" என்றான்.

மிஸ் கேரளா என்று ஒரு மீன் உண்டு, மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் பிறந்தது, உடம்பில் சிவப்புக் கோடு போட்டு அழகாக இருக்கும் என்றேன். உற்சாகமாகிவிட்டான். ஆனால் சும்மா நிற்காது, ஓடையில் எதிர்நீச்சல் போட்டுப் பழகியது, கூட்டமாக விரட்டி விளையாட நீளமான தொட்டி வேண்டும், மேலே மூடி போடாவிட்டால் துள்ளி வெளியே விழுந்துவிடும் என்றும் சொன்னேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டான்: "சும்மா ஒரே இடத்துல படுத்துக் கிடக்கிற மாதிரி நாட்டு இனம் எதுவுமே இல்லையா மாமா?"

இருக்கிறது, நம் குடும்ப வாட்சப் குழுவில் நாற்பது உருப்படி இருக்கிறது, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றேன்.